பட்டாணி அளவு மருந்து, மூன்று மாதப் பொறுமை

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் பாதி வீடுகள் சத்திரமாகிவிடும். மதுரையிலிருந்து சித்தப்பா, சென்னையிலிருந்து அத்தை, கோவையிலிருந்து அப்பாவின் சிநேகிதர் குடும்பம் என்று ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாசலில் செருப்புக் கூட்டம் குறையாது. வந்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது அந்த வீட்டின் இளைய மகளுடைய வேலை. பேரருவியில் கூட்டமா, பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, ஐந்தருவியில் பெண்கள் பக்கம் எப்போது காலியாக இருக்கும் எல்லாமே அவளுக்கு அத்துப்படி.

அந்த வருஷம் மட்டும் 'நான் வரலை' என்றாள். வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றிய பிறகும், ஐந்தருவிச் சாலையில் ஒரு பழக்கடை ஓரமாகத் துப்பட்டாவை மூக்கு வரை சுற்றிக்கொண்டு நின்றாள். காற்றில் துப்பட்டா விலகியபோது சென்னை அத்தை பார்த்துவிட்டார்.

"ஏட்டி, மூஞ்சி என்ன இப்படி ஆயிட்டு? போன வருஷம் அக்கா கல்யாணத்துல எப்படிப் பளிச்சுனு இருந்த!"

அத்தையின் கேள்விக்கான பதில் அந்தக் கல்யாணத்தில்தான் இருந்தது.

அப்போது அவளுக்கு வயது 19. குற்றாலத்தில் மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு செங்கோட்டையில் மர அறுவை மில்லில் வேலை. அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். பிளஸ் டூ படிக்கும்போது நெற்றியில் தொடங்கிய பருக்கள், கல்லூரி சேர்ந்ததும் கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கிவிட்டன. வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். கஸ்தூரி மஞ்சள் போட்டார்கள். ஆச்சி ஜாதிக்காயைக் கல்லில் உரசிப் பருவின் மேல் பொட்டு மாதிரி வைத்துவிடுவார். "வயசுக்கோளாறு, தானாப் போயிரும்" என்று அம்மா ஆறுதல் சொல்வார்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீடியோ, போட்டோ என்று எல்லாவற்றிலும் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அவள்தான். கூடப் படிக்கும் ஒருத்தி ஒரு க்ரீமின் பெயரைச் சொன்னாள். "ராத்திரி போட்டுப் படு. பத்து நாள்ல உனக்கே உன்னை அடையாளம் தெரியாது."

மருந்துக்கடையில் பெயரைச் சொன்னதுமே கொடுத்துவிட்டார்கள். யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. தோழி சொன்னது பொய்யும் இல்லை. பத்தே நாளில் பருக்கள் வற்றின. சிவப்பு மறைந்தது, நிறமும் ஒரு சுற்றுக் கூடியது போலிருந்தது. கல்யாண ஆல்பத்தில் அக்காவைவிட அவள்தான் பளிச்சென்று இருக்கிறாள் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அந்தப் பாராட்டு அவளுக்குப் புதிது. கல்யாணம் முடிந்தும் அந்த க்ரீமை அவள் நிறுத்தவில்லை.

தை மாதத்துக்குள் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் தீப்பட்டது போல எரிந்தது. முன்பிருந்ததைவிடப் பெரிய பருக்கள் வந்தன. மறுபடி பூசினால் அடங்கின. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நூல்கள் போல ரத்த நாளங்கள் தெரிந்தன. காதோரமும் தாடையிலும் பூனைமுடி அடர்த்தியானது. பஸ்ஸில் ஜன்னல் வெயில் பட்டாலே முகம் தகித்தது.

பிப்ரவரியில் கல்லூரிக்குப் போவதைக் குறைத்தாள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் லீவு. வகுப்பில் யாராவது "என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்களோ என்பதுதான் பயம். மார்ச்சில் துறைத்தலைவர் கூப்பிட்டு வருகைப்பதிவு குறைந்திருப்பதைக் காட்டினார். அப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்த அம்மா, மறுநாள் காலையில் அவளை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப்போனார்.

டாக்டரம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "என்ன க்ரீம் போட்ட? ட்யூப் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த பெயர்களை அவர் விரல் வைத்துக் காட்டினார். மூன்று மருந்துகள். ஒன்று தோலின் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன். இன்னொன்று வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின். மூன்றாவது ஸ்டீராய்டு.

"இது மங்குக்குக் கொடுக்கறது. அதுவும் கொஞ்ச வாரத்துக்கு மட்டும், டாக்டர் பார்வையில. பருவுக்குப் போடற மருந்தே இல்ல. உனக்குப் பத்து நாள்ல பளிச்சுனு ஆச்சே, அது குணமானதில்ல. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கி வச்சிருக்கு. உள்ளுக்குள்ள தோல் மெலிஞ்சுகிட்டே வந்திருக்கு."

இது அவளுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. இந்தியாவில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் பிரச்னை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். இந்தப் பாதிப்புக்குத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'ஸ்டீராய்டால் சேதமான முகம்.' அவர்களுடைய சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்ததும் சேர்ந்து, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால், தோழி சொல்லும் பெயருக்குச் சீட்டு ஏது?

முதல் வேலை, அந்த க்ரீமை விடுவது. "விட்டா முகம் பழிவாங்கும். ரெண்டு மூணு மாசம் தாங்கணும்" என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சில வாரங்களுக்கு மாத்திரை, நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். வேறு எதுவும் முகத்தில் படக் கூடாது. ஜாதிக்காயும் கூடாது, எலுமிச்சையும் கூடாது.

சொன்னபடியே முகம் பழிவாங்கியது. சிவந்து, வீங்கி, சலம் கோத்த பருக்களோடுதான் ஏப்ரலில் பரீட்சை எழுதினாள். மருத்துவச் சான்றிதழும் அபராதமும் கட்டி, அனுமதிச்சீட்டு வாங்கியது அப்பா. மில்லில் ஒரு நாள் கூலி போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் நடுவில் எரிச்சல் அடங்கியது. அப்போதுதான் பருவுக்கான உண்மையான மருந்தை டாக்டரம்மா எழுதினார். அடாப்பலின் 0.1 சதவிகித ஜெல். "இதுவும் வைட்டமின் ஏ குடும்பம்தான். ரெட்டினாய்டுன்னு சொல்வாங்க. நீ முன்ன போட்டதுல இருந்த ட்ரெட்டினாயினுக்குச் சொந்தக்காரன்" என்றார்.

அவள் திடுக்கிட்டாள். மறுபடியும் அதேவா?

சொந்தக்காரன் என்றது உண்மைதான். ட்ரெட்டினாயின் பருக்களுக்குப் பயன்படும் என்று 1969-ல் எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். 1971-ல் அங்கே அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதே கிளிக்மன்தான் 1975-ல் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து, கரும்படலத்தைக் குறைக்கும் கலவையையும் எழுதினார். தோழி சொன்ன க்ரீம், டாக்டரம்மா எழுதிய ஜெல் இரண்டின் பூர்வீகத்தையும் தேடிப்போனால் ஒரே மனிதரின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த மனிதரின் கதையிலும் கறை உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருந்த கைதிகளின் தோலில், பெரும்பாலும் கறுப்பின ஆண்களின் தோலில், அவர் 1970-களின் தொடக்கம் வரை பலவித மருந்துச் சோதனைகளை நடத்தினார். அதற்காக அந்தப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2021-ல் மன்னிப்புக் கேட்டது. கண்ணாடி முன் நின்று இரண்டு விரலில் எடுத்துப் பூசும் மருந்துக்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனையோ பேரின் தோல் இருக்கிறது.

அடாப்பலின் அதற்குப் பிறகு வந்தது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ட்ரெட்டினாயினைவிட எரிச்சல் குறைவு என்பதால் பருக்களுக்குப் பல மருத்துவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். இதில் ஸ்டீராய்டு கிடையாது. ஆகவே, பத்து நாளில் பளிச்சென்று ஆகவும் ஆகாது.

டாக்டரம்மா ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி மட்டும். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு. முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது, முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். கண், மூக்கின் ஓரம், உதட்டு ஓரம் படக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் மருந்து. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். த்ரெட்டிங், ப்ளீச், ஸ்க்ரப் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்: 'யாருக்கும் கொடுக்காதே.'

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் வாயோரம் தோல் உரிந்தது. மூன்றாம் வாரம் நெற்றியிலும் கன்னத்திலும் கொத்தாகப் புதுப் பருக்கள் வந்தன. அம்மா பயந்துவிட்டார்.

"இதுவும் அந்த க்ரீம் மாதிரிதானட்டி? ஒண்ணும் வேண்டாம், தூக்கிப் போடு."

அவளும் தூக்கித்தான் போட்டாள். ராத்திரி பத்து மணிக்குக் குப்பைக்கூடையிலிருந்து ட்யூபை எடுத்துத் துடைத்து வைத்தாள். மறுநாள் அம்மாவும் மகளும் மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள்.

இந்தத் தடவை டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துப் பேசினார். "இன்னிக்கு வெளியில தெரியற பரு இன்னிக்கு உண்டானதில்லம்மா. பல வாரத்துக்கு முந்தியே தோலுக்கு அடியில துவாரம் அடைச்சு, கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கும். துவாரத்துக்குள்ள உதிர்ற செல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைக்கறதை இந்த மருந்து தடுக்குது. அதனால ஏற்கெனவே உள்ள இருக்கறது சீக்கிரமா வெளிய வரும். சிலபேருக்குத்தான் இப்படி. கொஞ்ச வாரத்துல அடங்கிரும். தோல் புண்ணாகி, தாங்க முடியாம எரிஞ்சா மட்டும் நிறுத்திட்டு உடனே வாங்க. இல்லைன்னா 12 வாரம் பாருங்க. அதுக்கு முந்தி இந்த மருந்தைப் பத்தி நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது."

அந்த 12 வாரத்தில் ஐந்தாவது வாரத்தில்தான், துப்பட்டா விலகி அத்தை பார்த்தது.

அத்தைக்குப் பாசம் அதிகம். யோசனைகளும் அதிகம். "மூலிகைத் தண்ணி. ஒரு அரைமணி நேரம் அருவிக்குக் கீழ நின்னா எல்லாம் போயிரும். முதல்ல எண்ணெய் தேச்சு விடச் சொல்லுதேன், வா." அருவிக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய்க் கடைகள்தான். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தார். உரிந்த முகத்தில் அருவி அறைந்தால் எப்படி எரியும் என்று முந்தைய வாரம்தான் சித்தப்பா குடும்பத்தோடு வந்தபோது பார்த்திருந்தாள். எண்ணெயோ அடைப்புக்கு இன்னும் அடைப்பு. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா நடுவில் வந்தார். பொதுவாக நாத்தனார் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

"விடுங்க மதினி. அவ டாக்டர்ட்ட மருந்து வாங்கிப் போடுதா. மூணு மாசம் ஆவும்னு சொல்லிருக்காவ. அதுவரைக்கும் அவ மூஞ்சியைப் பத்தி யாரும் எதுவும் கேக்காதிய."

அத்தை முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "நான் என்ன பகையாளியா? நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மங்குஸ்தான் விலை கேட்கப் போய்விட்டார். அன்று இரவு அம்மாவே ட்யூபை எடுத்துக் கொடுத்து, "பட்டாணி அளவுதானே?" என்று கேட்டார்.

ஆடிக்கு அக்கா வந்திருந்தாள். கல்யாணமான முதல் ஆடி. சாப்பிட்டு முடித்து இருவரும் மொட்டைமாடியில் சாரலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கும் தாடையில வந்துகிட்டே இருக்குட்டி. உன் மருந்துல கொஞ்சம் குடேன். ஊருக்குக் கொண்டு போறேன்."

கொடுத்திருப்பாள். அக்காவும் தங்கையும் பொட்டிலிருந்து புடவை வரை பிரித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். ஆனால், அந்த இரண்டு கோடு நினைவுக்கு வந்தது. காரணத்தையும் டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இதே வைட்டமின் ஏ குடும்பம். கர்ப்பக் காலத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைகள் உண்டாகும் என்பது உறுதியான விஷயம். பூசும் மருந்து உடம்புக்குள் போவது மிகக் குறைவுதான். இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் மருத்துவர்கள் ரெட்டினாய்டைத் தவிர்க்கவே சொல்வார்கள்.

"இல்லக்கா. இதைக் கல்யாணம் ஆனவங்க டாக்டரைக் கேக்காமப் போடக் கூடாது. பிள்ளை உண்டாகியிருந்தா ஆகாது."

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்து நாள் தள்ளிப் போயிருக்குட்டி. இன்னும் அம்மாகிட்டகூடச் சொல்லல" என்றாள்.

மறுநாள் அந்த வீட்டில் பாயசம். அந்த ட்யூபைப் பற்றிய பேச்சு யாருக்கும் ஞாபகமில்லை. இருவருக்கு மட்டும் இருந்தது.

ஏழாவது வாரத்தில் புதுப் பருக்கள் வருவது குறைந்தது. பத்தாவது வாரத்தில் ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது, கன்னத்தில் கைபட்டால் சொரசொரப்பு இல்லை என்று கவனித்தாள். செப்டம்பரில் 12 வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரு அநேகமாக அடங்கியிருந்தது. கருந்தழும்புகள் இருந்தன. அவை மங்க மாதங்கள் ஆகும் என்றார்கள். கன்னத்துச் சிவப்பு நூல்களில் ஒன்றிரண்டு போகாமலும் இருக்கலாம். மருந்தை உடனே விட வேண்டாம், துவாரங்கள் மறுபடி அடைபடாமல் இருக்க இன்னும் சில மாதங்கள் தொடரலாம் என்றார் டாக்டரம்மா. கல்யாண ஆல்பத்தில் இருந்த அந்த முகம் திரும்பி வரவில்லை. அது அவளுடைய முகமும் இல்லை.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கி, வருகைப்பதிவில் ஒருநாள்கூடக் குறையவில்லை. ஒரு மதியம் முதலாண்டுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நெற்றி நிறையப் பரு. "அக்கா, உங்களுக்குச் சரியாயிட்டாமே, என்ன க்ரீம்க்கா? பேர் சொல்லுங்க."

ஒரு வருஷத்துக்கு முன் இதே கேள்வியோடு இன்னொருத்தியிடம் போய் நின்றது நினைவுக்கு வந்தது. பெயர் சொல்வது எளிது. ஆனால் இவள் கதை என்ன, வேறு என்ன பூசுகிறாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

"பேர் வேண்டாம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் வா. இப்ப ஏதாவது போடுறியா? அந்த ட்யூபையும் எடுத்துட்டு வா" என்றாள்.

சீசன் முடிந்து, வெளியூர் வண்டிகள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் பழைய குற்றாலத்துக்குப் போனார்கள். தண்ணீர் மெலிந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கீழே நின்றாள். முகத்தை நேராகக் காட்டாமல், தலையிலும் தோளிலும் மட்டும் வாங்கிக்கொண்டாள். எரியவில்லை.

அன்று ராத்திரி அம்மா பீடித் தட்டோடு உட்கார்ந்தபடியே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, மருந்து போட்டியா?"

"முகம் காயட்டும்மா. இன்னும் பத்து நிமிஷம்."